நிலவின் முதுகில் ஒரு பின்வாசல்

சில்லிம், சியோல்
மார்ச் 3, 2005

தோங்ஹா,

'அன்புள்ள' என்று தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை.

நீ தலையை மழித்துக்கொண்டு ராணுவத்துக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. இந்த நாட்டில் எல்லா ஆண்பிள்ளைகளும்தான் போகிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. போகிறவன் வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் முடிக்கிற உரிமையையாவது என்னிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். நீ 'நிலவின் முதுகு' கணினி ஆட்ட வரைபடத்தை அரைகுறையாக என் தலையில் கட்டிவிட்டு, "அக்கா, எதை வேணா மாத்துங்க, பின்வாசல்ல மட்டும் கை வைக்காதீங்க" என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டு போனாய்.

இப்போது பிரச்சினையே அந்தப் பின்வாசல்தான்.

நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பிசி பாங்குக்கு, அந்தக் கணினி விளையாட்டுக் கடைக்கு, வருகிறவர்களைப் பிடித்து, ஆளுக்கு ஒரு கிண்ணம் ராமியோன் நூடுல்ஸ் என்று ஆசை காட்டி, மனிதப் படைக்கும் பூச்சிப் படைக்கும் ஐம்பது ஆட்டம் ஆடவைத்தேன். பூச்சி முப்பத்துநான்கு முறை ஜெயித்தது. முன்னால் நல்ல அகலமான வாசல் இருக்கும்போது, முகாமின் முதுகில் நீ வைத்திருக்கிறாயே ஒரு சந்து, அது வழியாகக் குட்டிப் பூச்சிகள் சத்தமில்லாமல் வந்துவிடுகின்றன. மனிதப் படைக்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள் படிகம் வெட்டுகிற தொழிலாளிகள் பாதிப் பேர் செத்துப்போகிறார்கள். நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் ஒரு பக்கம் சாய்ந்தால் டிவியில் லீக் போட்டி நடத்துகிறவர்கள் அந்த வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நமக்கு அறுபத்தெட்டு.

நாலு வருடமாக 'பால்வீதிப் போர்' ஆட்டத்துக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து பதினோரு வரைபடம் போட்டிருக்கிறோம். ஒன்றுகூட டிவியில் ஏறவில்லை. கடைசித் தேதி ஏப்ரல் 30. அப்பா போன வாரம் சொந்த ஊர் சேச்சொன்னிலிருந்து போன் செய்தார். "இந்தத் தடவையும் இல்லன்னா மூட்டையைக் கட்டிட்டு வா. அரசாங்கப் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி வச்சிருக்கேன். இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு இல்லாத ஊருக்கு மேப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா" என்றார்.

வாசலை மூட அனுமதி கொடு. ஒரு வரி போதும்.

மிரான்

*

மார்ச் 11, 2005
(இடத்தின் பெயரை எழுதக் கூடாது. மலை, பனி, மறுபடியும் மலை.)

மிரான் அக்காவுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். முடியாது. ஆயிற்றா?

நீங்கள் கோபப்படுவதற்கு முன்னால் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே இரண்டாம் நிலைச் சிப்பாய். அதற்குக் கீழே நாய்தான் இருக்கிறது. அதற்கும் சமையலறையில் தனி மரியாதை. மூத்தவர்கள் எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் பதவியையும் பெயரையும் தொண்டை கிழியக் கத்த வேண்டும், அப்புறம்தான் பதில். "மணி என்ன?" என்றால்கூட "இரண்டாம் நிலைச் சிப்பாய் கி தோங்ஹா!" என்று கத்திவிட்டுத்தான் மணியைச் சொல்ல வேண்டும். இப்போது யாராவது அருகில் தும்மினால்கூட எனக்கு வாய் தானாகத் திறக்கிறது. அறையில் டிவி இருக்கிறது. ரிமோட்டைத் தொடுவது இருக்கட்டும், அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவே எனக்கு உரிமை கிடையாது. முழங்காலில் கை வைத்து எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். போன் பேச வரிசையில் நின்றால் என் முறை வருவதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள்.

இந்த லட்சணத்தில் எனக்கென்று இருப்பது அந்தப் பின்வாசல் ஒன்றுதான். அதையும் மூடு என்கிறீர்கள்.

இன்றைக்கு லீகில் இருக்கிற வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு முகாம், ஒரு வாசல். வாசலில் சுவரைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் இரண்டு பேரும் படை சேர்க்கிறார்கள். பார்க்கிறவன் கொட்டாவி விட்டுச் செத்துப்போகிறான். பின்வாசல் இருந்தால் முதல் நிமிடத்திலிருந்தே பயம் இருக்கும். அதை எடுத்துவிட்டால் 'நிலவின் முதுகு' பன்னிரண்டாவது குப்பை.

அப்புறம், யாரை வைத்துச் சோதித்தீர்கள்? ராமியோனுக்கு ஆடுகிறவர்களையா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர்களுக்குக் காவல் வைக்கத் தெரியவில்லை, பழி என் வாசலுக்கு.

ஏப்ரல் 16 எனக்கு, ராணுவத்தில் சேர்ந்த நூறாவது நாள் விடுப்பு. நாலு நாள். கிழக்கு சியோல் பேருந்து நிலையத்துக்கு மதியம் பன்னிரண்டு மணி வண்டியில் வருகிறேன். அதுவரை தொடாதீர்கள்.

தோங்ஹா

*

சில்லிம்
மார்ச் 19, 2005

தோங்ஹா,

ஆடத் தெரியாதவர்களா? நேற்று நம் பழைய வாடிக்கைக்காரர் ஹ்வாங்கையே உட்காரவைத்தேன். போன வருடம் லீக் தகுதிச்சுற்று வரை போனவர். மனிதப் படை எடுத்தார். ஏழாவது நிமிடம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டார்.

"இந்தச் சந்தை வச்சவன் யாரு?"

"என் கூட்டாளி."

"எங்க அவன்?"

"எல்லையில காவல் நிக்கிறான்."

"அய்யய்யோ, அப்ப நாம எல்லாரும் காலி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ராமியோனைக்கூட முடிக்கவில்லை.

உன் பின்வாசல் காவலே இல்லாமல் கிடக்கிறது. அதைப் புரிந்துகொள். காவல் வைக்கத் தெரியவில்லை என்கிறாயே, வைக்கிறவன் கண்ணுக்கு அந்த இடம் தெரிந்தால்தானே வைப்பான்? முகாமின் நடுவிலிருந்து சந்தின் வாய் வரைக்கும் எட்டுக் கட்டம் இருட்டு. படிகங்கள் மறுபக்கம் இருப்பதால் தொழிலாளி ஒருவன்கூட அந்தப் பக்கம் போவதில்லை. எதிரி உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

நீ எழுதுகிற தத்துவம் எனக்கு வேண்டாம். எந்தக் கட்டத்தில் எதை மாற்றினால் இது சரியாகும் என்று காட்டு. கட்டம் போட்ட தாள் நாலு இத்துடன் வைத்திருக்கிறேன். வரைந்து அனுப்பு. வரைய முடியாவிட்டால் மூட விடு.

கூடவே சாக்கோ பை சாக்லேட் கேக் ஒரு பெட்டி. இது உன் மேல் பாசத்தில் அல்ல. மூளைக்குச் சர்க்கரை வேண்டும் என்பதற்காக.

மிரான்

*

மார்ச் 28, 2005

அக்கா,

கிடைத்துவிட்டது!

சாக்கோ பையைச் சொல்லவில்லை, அது என் கைக்கு வருவதற்குள் காலிப் பெட்டியாகிவிட்டது. வழி கிடைத்துவிட்டது.

எங்கள் முகாமுக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது, சமையலறைக் கிடங்கை ஒட்டி. செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க அங்கே எனக்குக் காவல். காவல் நிற்கிற இடம் பள்ளத்தில் இருக்கிறது. கண்ணை விரித்துக்கொண்டு நின்றேன், ஈ எறும்பு போகவில்லை. மாலையில் அறைக்கு வந்தால் மூத்தவர்கள் பொரித்த கோழி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குள் போய் வாங்கிக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால், அதே வாசல் வழியாகத்தான் வந்தார்களாம். சார்ஜன்ட் பியோ எலும்பை என் பக்கம் நீட்டி, "காவல் ரொம்ப நல்லாருந்துச்சுடா" என்றார்.

புதன்கிழமை மறுபடி அதே இடம். இந்த முறை தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வேலி, சந்து, ஊர்ப்பாதை எல்லாம் தெரிகிறது. அவ்வளவுதான் அக்கா! வாசல் இருப்பதில் தப்பில்லை. காவல் நிற்கிறவனுக்கு அது தெரியாமல் இருப்பதுதான் தப்பு.

வரைபடம் இத்துடன் இருக்கிறது. படிகங்களை மறுபக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சந்தின் வாயை ஒட்டி ஒரு மேடு எழுப்பி, அதன்மேல் வையுங்கள். வாசல் பக்கம் நாலு கட்டம் தள்ளி. நம் ஆட்டத்தில் மேட்டிலிருந்து கீழே தெரியும், கீழிருந்து மேலே தெரியாது. தொழிலாளிகள் படிகம் வெட்டப் போகும்போதெல்லாம் சந்தை ஒரு முறை பார்த்துவிடுவார்கள். பூச்சி வந்தால் மேட்டைச் சுற்றித்தான் ஏற வேண்டும், அதற்குள் இவன் சுதாரித்துவிடுவான். சிவப்புப் புள்ளி எதிரி வருகிற வழி. கறுப்புப் புள்ளி காவல் இல்லாத இடம். கட்ட எண்கள் ஓரத்தில் போட்டிருக்கிறேன்.

நான் தோற்றுப்போனேன் என்று நினைக்க வேண்டாம். வாசல் அப்படியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 16, பன்னிரண்டு மணி வண்டி.

தோங்ஹா

*

சில்லிம்
ஏப்ரல் 17, 2005

கி தோங்ஹா அவர்களுக்கு,

நேற்று கிழக்கு சியோல் பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு மணி வண்டி வந்தது. பன்னிரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். எல்லாரும் ஒரே தலை, ஒரே சட்டை, பன்னிரண்டு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு மணி வண்டியையும் பார்த்தேன். நாலு மணி வண்டியையும் பார்த்தேன். டிக்கெட் கொடுக்கிற அம்மாள் வெளியே வந்து, "காதலன் வேற ஊர்ல இறங்கிட்டானா?" என்று கேட்டாள். காதலனாக இருந்தால் அன்றே விட்டுத்தொலைத்திருப்பேன்.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. நாலு தாள் அனுப்பினேன், ஒரு கோடு திரும்பி வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பதில் இல்லாத கேள்வி என்றால் உனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். 'சாம்பல் கடல்' வரைபடம் தோற்றபோதும் இப்படித்தான் மூன்று வாரம் காணாமல் போனாய்.

முட்டாள்தனமாகக் காத்திருந்த என்னைச் சொல்ல வேண்டும்.

வூ மிரான்

*

சில்லிம்
ஏப்ரல் 24, 2005

தோங்ஹா,

29ஆம் தேதி வாசலை மூடுகிறேன். 30ஆம் தேதி கொடுத்துவிடுவேன். உனக்குச் செய்த சத்தியத்தை நானே முறிக்கிறேன், பாவம் எனக்கே வரட்டும்.

இன்னொன்று. வாசலை மூடிய வரைபடத்தில் உன் பெயரைப் போடலாமா என்று தெரியவில்லை. உன்னுடையது என்று இருந்தது அந்த வாசல்தானே. அது இல்லாத இடத்தில் உன் பெயர் இருந்தால் நீ காறித் துப்புவாய். இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எதைச் செய்தாலும் வம்பு.

உயிரோடு இருக்கிறாயா என்றாவது எழுது. பயமாகவும் இருக்கிறது.

மிரான்

*

ஏப்ரல் 28, 2005

மிரான் அக்கா,

இது ஒரு பக்கக் கடிதம். அதற்குமேல் அனுமதி இல்லை. படம் கூடாது, எண் கூடாது, திசை கூடாது. 'வாசல்' என்ற சொல்லையும் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

என் மார்ச் 28 கடிதம் உங்களுக்கு வரவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். எல்லைக்குப் பக்கத்து முகாமிலிருந்து, கட்டம் போட்ட தாளில், எதிரி வருகிற வழியைச் சிவப்பிலும் காவல் இல்லாத இடத்தைக் கறுப்பிலும் குறித்து, "எங்கள் முகாமுக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது" என்று தலைப்பு மாதிரி எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன். எழுதும்போது ஒரு துளி சந்தேகம் வரவில்லை அக்கா. நாலு வருடமாக இப்படித்தானே பேசுகிறோம். தபாலைப் பிரித்துப் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. போதாக்குறைக்கு உங்கள் மார்ச் 19 கடிதமும் என் பெட்டியில் கிடைத்தது. "உன் பின்வாசல் காவலே இல்லாமல் கிடக்கிறது" என்று அதில் நீங்கள்.

பாதுகாப்புப் பிரிவு அதிகாரி மூன்று வாரமாக விசாரிக்கிறார்.

"யாருடா இந்த மிரான்?"

"இரண்டாம் நிலைச் சிப்பாய் கி தோங்ஹா! பிசி பாங்கில் கல்லா சார்!"

"பூச்சின்னா எந்த நாட்டுப் படை?"

"பூச்சிதான் சார். ஆறு கால்."

"விளையாடறியா?"

"ஆமாம் சார். இல்லை சார். விளையாட்டுதான் சார்."

ஐந்தாவது நாள் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த நாட்டில் 'பால்வீதிப் போர்' ஆடாத ஆண்பிள்ளை யார்? ஆனால் கோப்பு திறந்துவிட்டார்கள், அது மூடுகிற வேகத்தில்தான் மூடும். ஒரு நாள் அவரே என் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பழைய வரைபடத்துல இந்த மேடு இல்லல்ல? அப்ப நான் பூச்சி எடுத்தா ஆறாவது நிமிஷம் உள்ள பூந்து முடிச்சிருப்பேனே. இது கூடவா தெரியாம வச்ச?" என்றார். நீங்கள் சொன்னதையேதான் சொன்னார், வார்த்தை மாறாமல். நீங்கள் சொன்னபோது எனக்கு ரோஷம் வந்தது. பெல்ட்டும் பூட்ஸும் போட்டவர் சொன்னபோது உறைத்தது. நீங்கள் சொன்னது சரி. எழுதிவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

விடுப்பு ரத்து. கால்வாய் வெட்டுகிறேன். கோழி விஷயமும் அந்தக் கடிதத்தில் இருந்ததால் சார்ஜன்ட் பியோவும் என்கூடச் சேர்ந்து வெட்டுகிறார். ஒவ்வொரு மண்வெட்டுக்கும் என்னைப் பார்க்கிறார்.

அதிகாரி விவரம் சரிபார்க்க நாளை உங்களுக்குப் போன் செய்வாராம். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்: தயவுசெய்து திட்டாதீர்கள்.

தோங்ஹா

*

சில்லிம்
மே 3, 2005

தோங்ஹா,

திட்டிவிட்டேன்.

29ஆம் தேதி காலை பத்து மணி. வாசலை மூட உட்கார்ந்திருக்கிறேன், கை வரவில்லை, அந்த எரிச்சலில் இருக்கும்போது கல்லா போன் அடிக்கிறது. கம்பீரமான குரல், "ராணுவப் பாதுகாப்புப் பிரிவு" என்றது. ஒன்பதாம் எண் கணினியில் உட்கார்கிறவன் இப்படித்தான் தினமும் குரல் மாற்றிக் கலாட்டா செய்வான்.

"டேய் வேலையத்தவனே, நீ பாதுகாப்புப் பிரிவுன்னா நான் ஜனாதிபதி. வையிடா போனை" என்றேன்.

வைத்தேன். மறுபடி அடித்தது. இந்த முறை அவர் உன் சிப்பாய் எண், பிறந்த தேதி, உன் அம்மா பெயர் எல்லாம் சொன்னார். நீ செத்துவிட்டாய் என்றே நினைத்தேன். கேட்டுவிட்டேன். "நல்லாத்தான் இருக்கான், கால்வாய் வெட்டறான்" என்றார். அழுகை வந்தது, அதன்பிறகு கோபம் வந்தது.

"அம்மா, இந்தக் கடிதத்துல 'படிகங்களை வாசல் பக்கம் நாலு கட்டம் தள்ளி வையுங்கள்'னு எழுதியிருக்கு. அது என்ன படிகம்னு நீங்க உங்க வாயால சொல்லணும்."

"என்ன எழுதியிருக்கு?"

"படிகங்களை—"

"இருங்க, பேனா எடுத்துக்கறேன். முதல்லேர்ந்து படிங்க."

அவர் படித்தார். நான் எழுதினேன். மேடு எங்கே தொடங்குகிறது என்றேன், சொன்னார். எந்தக் கட்டம் என்றேன், எண்ணிச் சொன்னார். மூன்றாவது எண்ணில் குரல் நின்றது.

"அம்மா, பறிமுதல் பண்ண ஆவணத்தை நான் போன்ல படிச்சிட்டிருக்கேன். இது தப்பு."

"பாதி படிச்சிட்டீங்க சார். மீதியை மறைச்சு என்ன பண்ணப் போறீங்க?"

தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "மேட்டு மூலை எழுபத்திரண்டு, பதினெட்டு" என்றார்.

மத்தியானத்துக்குள் மாற்றி முடித்தேன். மாலை வரை பிசி பாங்கில் இருந்த ஒருவரையும் வெளியே விடவில்லை. நீ சொன்ன நாலு கட்டம் தப்பு. நாலு தள்ளினால் பூச்சி நேராகத் தொழிலாளி மடியில் விழுகிறது. மூன்று. மூன்றில் வைத்தேன். நாற்பது ஆட்டம், பூச்சி இருபத்தொன்று, மனிதர் பத்தொன்பது. ஹ்வாங்கைக் கூப்பிட்டேன். ராமியோனை முடித்தார், சூப்பையும் குடித்தார்.

30ஆம் தேதி கொடுத்துவிட்டேன். வாசல் இருக்கிறது. உன் பெயரும் இருக்கிறது.

பேருந்து நிலையத்துக்காக எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 'சாம்பல் கடல்' பற்றி எழுதியதை எடுக்கவில்லை.

மிரான்

*

ஜூன் 19, 2005

மிரான் அக்கா,

நம் வரைபடம் லீகுக்குத் தேர்வானது என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்த நாளிலிருந்து நான் ஒரு ஆளிடமும் மூச்சு விடவில்லை. இங்கே எனக்கு 'வரைபடக்காரன்' என்று பெயர். அதுவே வாங்கிக் கட்டிக்கொண்ட பெயர்தான். இதில் இன்னொரு வரைபடம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

நேற்று சனிக்கிழமை. சார்ஜன்ட் பியோ ரிமோட்டை எடுத்தார். பாட்டு நிகழ்ச்சி வைப்பார் என்று நினைத்தேன். லீக் வைத்தார். அவருக்குப் பூச்சிப் படை எடுத்து ஆடுகிற ஹாம் ஜேகூக் என்றால் உயிர். நேற்று ஆடியது ஹாம்.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நம் வரைபடம் நாடு முழுக்க ஓடுகிறது, எனக்கு எதிரே ஒரு கோட்டு மாட்டுகிற ஆணி. காதால்தான் பார்த்தேன். 'நிலவின் முதுகு, வரைந்தவர்கள் வூ மிரான், கி தோங்ஹா' என்று வர்ணனையாளர் படித்தார். அறையில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் காது சுட்டது. ஆறாவது நிமிடம் வர்ணனையாளர் குரல் ஏறியது. "பின்வாசல்! ஹாம் பின்வாசலுக்குப் போகிறார்!" என்றார். அப்புறம், "பார்த்துவிட்டான்! மேட்டிலிருந்து தொழிலாளி பார்த்துவிட்டான்!" என்றார். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹாம் தோற்றுப்போனார். சார்ஜன்ட் பியோ எழுந்து ரிமோட்டைப் படுக்கையில் எறிந்தார்.

"எந்த நாய்டா இந்த மேட்டை வச்சது?"

அக்கா, நான் யோசிக்கவே இல்லை. மூத்தவர் கேள்வி கேட்டார், ஐந்தரை மாதப் பழக்கம். எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டேன். "இரண்டாம் நிலைச் சிப்பாய் கி தோங்ஹா!"

டிவியில் அப்போதுதான் மறுபடி பெயர் போட்டார்கள். எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள், என் சட்டையில் தைத்திருக்கிற பெயரைப் பார்த்தார்கள், மறுபடி டிவியைப் பார்த்தார்கள். சார்ஜன்ட் பியோ பக்கத்தில் வந்தார். கால்வாயில் என்னோடு பதினோரு நாள் மண் வெட்டியவர். இன்றைக்கு என் முதுகெலும்பு காலி என்று நினைத்தேன்.

"கடுதாசியில இருந்தது இதுவா?"

"ஆமாம் சார்!"

"நான் தண்ணித் தொட்டிக்குக் கீழ போன வழி?"

"ஆமாம் சார்! அதுதான் சார்!"

திரும்பிப் படுக்கைக்குப் போனார். பிறகு ரிமோட்டை எடுத்து என் கையில் வைத்தார். "அடுத்த ஆட்டமும் இதே மேப்புலதான். உக்காந்து விளக்கு. சுவத்தைப் பாத்து இல்ல, டிவியைப் பாத்து" என்றார்.

ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. சத்தத்தைக் கூட்டப் போய் அணைத்துவிட்டேன். அதற்குத்தான் அடி விழுந்தது, மேட்டுக்கு அல்ல.

மூன்று கட்டம் சரிதான். பார்த்தேன்.

தோங்ஹா

*

சேச்சொன்
ஜூன் 25, 2005

தோங்ஹா,

உன் கடிதத்தை அப்பாவின் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். வந்தவர்கள் எல்லாம் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். இனிமேல் எதையாவது வரைந்து அனுப்பினால் நானே உன்னைப் பிடித்துக் கொடுப்பேன். விடுப்பு கிடைத்ததும் வா. பேருந்து நிலையத்துக்கு ஒரே ஒரு வண்டிக்குத்தான் வருவேன், மூன்று வண்டிக்கு முடியாது.

போன சனிக்கிழமை நானும் இங்கேதான் இருந்தேன். தனியாகப் பார்க்கப் பயமாக இருந்தது. கடை டிவியில் வைத்தேன். விண்ணப்பப் படிவத்தை மேசைமேல் எனக்கு எதிரே வைத்துவிட்டு அப்பா மாவு திரட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல யாரு உன் ஆளு? ஜெயிக்கிறவனா, தோக்கறவனா?"

"ரெண்டு பேரும் இல்லப்பா. அவங்க நிக்கிற தரை."

"தரைக்கு யாருடி கைதட்டுவா?"

டிவியில் பெயர் வந்தபோது அவர் கொதிநீர்ப் பக்கம் திரும்பியிருந்தார். அதையும் பார்க்கவில்லை. போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது நிமிடம். மனிதப் படைக்காரன் முன்வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் சந்தில் பூச்சிகள் வரிசையாக வருகின்றன. நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா கையில் மாவோடு அப்படியே நின்று, கடையே அதிரக் கத்தினார்.

"பின்னால பாருடா! மடையா, பின்னால! அந்த மேட்டுப் பக்கம்!"

தோங்ஹா, அவருக்கு இந்த ஆட்டத்தில் பூச்சி எது, மனிதன் எது என்றுகூடத் தெரியாது. வாசல் தெரிந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கினார். கொதிக்கிற குண்டானை வைக்க மேசையில் ஏதாவது வேண்டும் என்று தேடினார். விண்ணப்பப் படிவத்தை இரண்டாக மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தார். தெரிந்து செய்தாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு முதல் கிண்ணம் ஊற்றினார்.

"அடுத்த சனிக்கிழமை யாரு ஆடறா?" என்றார்.

மிரான்